ஊருக்கே தெரிஞ்ச பாட்டு, அதைச் சுத்தி அரை மணி நேர இசை: பாக்கோட கோரல் கான்டாட்டாவைக் கேக்கறது எப்படி

லூத்தரன் சர்ச் கான்டாட்டா, அதாவது ஆராதனையில பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து நிகழ்த்தற நீளமான இசை, அது என்னன்னு யாராவது கேட்டா நான் முதல்ல காட்டறது ஒரே ஒரு உருப்படிதான். ஜெர்மன் இசையமைப்பாளர் யோஹான் செபாஸ்டியன் பாக் 1731 நவம்பர் 25, ஞாயித்துக்கிழமை ஆராதனைக்காக ஜெர்மனியில லைப்ஸிக் ஊர்ல எழுதினது. பேரு 'வாஹெட் அவுஃப், ரூஃப்ட் உன்ஸ் டி ஷ்டிமே', அதாவது 'விழிச்சு எழுந்திருங்க, நம்மள ஒரு குரல் கூப்பிடுது'. பாக் படைப்புகளோட பட்டியல்ல இதுக்கு 140ஆம் நம்பர், அதனால யூடியூப்ல 'பாக் கான்டாட்டா 140'ன்னு தேடினாலே வந்துடும். மொத்தம் ஏழு பகுதி, எல்லாம் சேர்ந்து அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவு. மேற்கத்திய இசை பழக்கமே இல்லாதவங்களுக்கும் இது பிடிபடும்னு நான் உறுதியா நம்பறேன், ஏன்னா இதுக்குள்ள போறதுக்குத் தெரிஞ்சிருக்க வேண்டியது ஒரே ஒரு மெட்டு.

அந்த மெட்டுதான் எல்லாத்துக்கும் அடிப்படை, அதனால முதல்ல அதைப் பத்தி.

மார்ட்டின் லூத்தர் 1517ல ஆரம்பிச்ச சீர்திருத்தம்னா நமக்கு உடனே ஞாபகம் வர்றது பைபிளை ஜெர்மன்ல மொழிபெயர்த்ததுதான், ஆனா பாட்டு விஷயத்துலயும் அவர் பண்ணது அதே அளவு பெரிய வேலை. அதுக்கு முன்னாடி ஆராதனையில பெரும்பாலும் பாதிரிமாரும் பாடகர் குழுவும் லத்தீன்ல பாடுவாங்க, ஜனங்க நின்னு கேப்பாங்க. லூத்தர் சொன்னது, சபையே பாடணும், தன்னோட பாஷையில பாடணும். அவரே முப்பதுக்கு மேல பாட்டு எழுதினார், 1524லயே சின்னச் சின்ன பாட்டுப் புத்தகங்கள் அச்சுல வந்துடுச்சு. ஒரே மெட்டுல பல சரணம், எல்லாரும் பாடற மாதிரி எளிமையான ஏத்த இறக்கம், இப்படி இருக்கற சபைப் பாட்டைத்தான் கோரல்னு சொல்றாங்க. அடுத்த இருநூறு வருஷத்துல இந்தப் பாட்டுங்க ஜெர்மன் லூத்தரன் ஊர்கள்ல குழந்தையிலேருந்து கிழவி வரைக்கும் மனப்பாடமா இருந்தது. 1706ல தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கும் அந்த மரபுலேருந்து வந்தவர்தான், அவருக்குப் பின்னாடி வந்த ஃபப்ரீசியுஸ் ஜெர்மன் ஞானப்பாட்டுங்க நிறையத்தை தமிழ்ல கொண்டு வந்தார், அதனால நம்ம ஊர் லூத்தரன் சபைகள்ல வளர்ந்தவங்களுக்கு இந்த மாதிரி மெட்டுங்களோட நடை காதுக்குப் புதுசா இருக்காது.

'வாஹெட் அவுஃப்' பாட்டை எழுதினது பிலிப் நிக்கோலாய்னு ஒரு போதகர். ஜெர்மனியில உன்னாங்கற சின்ன ஊர்ல அவர் ஊழியம் பண்ணிட்டிருந்தப்ப, 1597ல அங்க கொள்ளைநோய் வந்துச்சு. சில மாசத்துக்குள்ள 1300 பேருக்கு மேல செத்துப்போனாங்க, அதுவும் ஒரு சின்ன ஊர்ல. தினமும் அடக்கம் பண்றதே அவரோட வேலையா இருந்தது. அந்த நாட்கள்ல அவர் நித்திய வாழ்வைப் பத்தி ஒரு புத்தகம் எழுதினார், அது 1599ல வெளிவந்துச்சு, அதோட சேர்ந்து வந்த பாட்டுகள்ல ஒண்ணு இது. மெட்டும் அவரோடதுன்னுதான் சொல்றாங்க. சுத்தி அத்தனை சாவு இருக்கறப்ப எழுதின பாட்டுல சாவைப் பத்தி ஒரு புலம்பல் கிடையாது, கல்யாண வீடுதான் இருக்கு, வெளிச்சம்தான் இருக்கு. இதை நினைச்சுக்கிட்டு கேட்டா அந்தப் பாட்டோட சந்தோஷத்துக்கு எவ்வளவு கனம் இருக்குன்னு புரியும். இன்னொரு விஷயமும் அதுக்குள்ள இருக்கு. மூணு சரணத்தோட முதல் எழுத்துங்களும் ஜெர்மன்ல முறையே 'வ', 'ஸ', 'க' வர்ற மாதிரி எழுதியிருக்கார், அதைப் பின்னாலேருந்து படிச்சா 'கிராஃப் ஸு வால்டெக்', அதாவது 'வால்டெக் பிரபு'ங்கறதோட முதலெழுத்துங்க. அது நிக்கோலாய்கிட்ட படிச்ச ஒரு சின்னப் பையன், வில்ஹெல்ம் எர்ன்ஸ்ட், 1598ல அவனும் இறந்துட்டான். பாட்டுக்குள்ள யாருக்கும் கேக்காத மாதிரி அவனோட பேரை வெச்சிருக்கார்.

பாட்டோட கதை மத்தேயு 25ஆம் அதிகாரத்துல வர்ற பத்து கன்னிகைகள் உவமை. மணவாளன் வர்றதுக்காக ராத்திரி காத்திருக்காங்க, அஞ்சு பேர்கிட்ட விளக்குக்கு எண்ணெய் இருக்கு, அஞ்சு பேர்கிட்ட இல்ல, எல்லாரும் தூங்கிட்டாங்க, நடுராத்திரியில மணவாளன் வர்றார்னு சத்தம் கேக்குது. நிக்கோலாய் பாட்டுல அந்தச் சத்தம் போடறது கோட்டைச் சுவர் மேல நிக்கற காவலாளிங்க. முதல் சரணம் எழுப்பறது, ரெண்டாவது சரணத்துல சீயோன், அதாவது ஒரு பொண்ணா உருவகப்படுத்தின எருசலேம் நகரம், அந்தக் குரலைக் கேட்டு எழுந்து ஓடுறா, மூணாவது சரணத்துல எல்லாரும் உள்ள போயாச்சு, பன்னிரண்டு முத்து வாசல் இருக்கற நகரத்துல நின்னு பாடறாங்க.

மெட்டைக் கொஞ்சம் கிட்டக்க பாருங்க, ரொம்பச் சுலபம். முதல் மூணு சுரம் ச க ப, அவ்வளவுதான், எக்காளம் ஊதினா வர்ற மாதிரி நேரா மேல ஏறுது, அப்புறம் பஞ்சமத்துலயே நின்னு 'குரல் கூப்பிடுது'ங்கற வார்த்தையைச் சொல்லுது. காவலாளி ரொம்ப உயரத்துல நிக்கறான்னு வர்ற அடுத்த வரியில மெட்டு மேல் ஸட்ஜத்துக்குப் போயிடுது. இந்த முதல் பாதி முழுக்க இன்னொரு தடவை வேற வார்த்தையோட வரும், அப்புறம் ரெண்டாம் பாதி புதுசா ஆரம்பிச்சு, சின்னச் சின்ன வரியா போயி, கடைசி வரியில முதல் பாதி எப்படி முடிஞ்சுதோ அதே மாதிரி கீழ இறங்கி முடியும். நாலஞ்சு தடவை கேட்டா போதும், வாய் தானா முணுமுணுக்கும். கான்டாட்டாவுக்குப் போறதுக்கு முன்னாடி இந்தப் பாட்டை மட்டும் தனியா, சாதாரண சபைப் பாட்டா யாராவது பாடின வீடியோ தேடி காதுல ஏத்திக்கோங்க, இதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க, ஏன்னா 1731ல அந்த சர்ச்ல உக்காந்திருந்த ஒவ்வொருத்தரும் இந்த மெட்டை மனசுல வெச்சுக்கிட்டுதான் உக்காந்திருந்தாங்க, பாக் அந்த நம்பிக்கையிலதான் எழுதறார்.

இப்ப கான்டாட்டா. பாக் 1723லேருந்து 1750ல சாகற வரைக்கும் லைப்ஸிக்ல தாமஸ் பள்ளிக்கூடத்தோட கான்டோர், அதாவது பசங்களுக்கு இசை சொல்லிக் குடுக்கணும், ஊரோட முக்கியமான சர்ச்சுகளுக்கு இசை ஏற்பாடு பண்ணணும். ஞாயித்துக்கிழமை காலையில ஏழு மணிக்கு ஆரம்பிக்கற ஆராதனை மூணு நாலு மணி நேரம் போகும். அதுல அன்னைக்குண்டான சுவிசேஷப் பகுதியை வாசிச்சதுக்கு அப்புறம், பிரசங்கத்துக்கு முன்னாடி, பாடகர்களும் வாத்தியக் குழுவும் சேர்ந்து ஒரு நீளமான இசை நிகழ்த்துவாங்க, அதுதான் கான்டாட்டா. வாசிச்ச வசனத்தை இசையில எடுத்து விளக்கறது அதோட வேலை, பிரசங்கி வார்த்தையில பண்ணப்போறதை இது முன்னாடியே இசையில பண்ணிடுது. ஜனங்க கையில வெச்சுப் படிக்கறதுக்கு வரிகளை சின்னப் புத்தகமா அச்சடிச்சும் வித்தாங்க. வந்த புதுசுல பாக் கிட்டத்தட்ட வாரத்துக்கு ஒண்ணு எழுதியிருக்கார்! எழுதி, வீட்டு ஆளுங்களும் மாணவர்களும் ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியா பிரதி எடுத்து, ஒத்திகை பார்த்து, ஞாயித்துக்கிழமை அரங்கேத்தி, உடனே அடுத்தது. இன்னைக்கு நம்ம கைக்குக் கிடைச்சிருக்கற சர்ச் கான்டாட்டாவே 200 கிட்ட இருக்கு.

1724 ஜூன்ல அவர் ஒரு புது திட்டம் ஆரம்பிச்சார். ஒவ்வொரு வாரமும் ஒரு கோரலை எடுத்துக்கிட்டு அதை வெச்சே முழு கான்டாட்டாவையும் கட்டணும்னு. இதுக்குத்தான் கோரல் கான்டாட்டான்னு பேரு. பெரும்பாலும் பாட்டோட முதல் சரணமும் கடைசி சரணமும் அப்படியே இருக்கும், நடுவுல இருக்கற சரணங்களை ஒரு கவிஞர் புதுசா மாத்தி எழுதிக் குடுப்பார், அதை பாக் தனி ஆள் பாடற ஆரியாவாகவும் பேச்சு மாதிரி போற ரெசிட்டடிவாகவும் அமைப்பார். அந்த வருஷம் மட்டும் இப்படி நாப்பது வரைக்கும் எழுதினார், அப்புறம் விட்டுப்போன ஞாயித்துக்கிழமைகளுக்கு பின்னாடி வந்த வருஷங்கள்ல ஒண்ணொண்ணா எழுதி சேர்த்தார். 140 அப்படி சேர்ந்ததுதான். ஈஸ்டருக்கு எட்டு வாரம் கழிச்சு வர்ற திரித்துவ ஞாயிறுக்கு அப்புறம் 27ஆம் ஞாயிறுன்னு ஒண்ணு சர்ச் காலண்டர்ல எல்லா வருஷமும் வராது, ஈஸ்டர் ரொம்ப சீக்கிரம் வந்தாத்தான் வரும். 1731ல ஈஸ்டர் மார்ச் 25, அதனால வந்துச்சு. பாக் லைப்ஸிக்ல இருந்த 27 வருஷத்துல அதுக்கப்புறம் 1742ல ஒரு தடவைதான் அந்த ஞாயிறு வந்தது. இவ்வளவு அபூர்வமா வர்ற ஒரு நாளுக்காக இவ்வளவு பெரிய வேலை பண்ணியிருக்கார்ங்கறது எனக்கு எப்பவும் ஆச்சரியம்தான்.

140ல நிக்கோலாயோட மூணு சரணமும் ஒரு வார்த்தை மாறாம இருக்கு. ஒண்ணாவது பகுதி, நாலாவது பகுதி, ஏழாவது பகுதி, இந்த மூணு இடத்துலயும் கோரல் நிக்குது. நடுவுல இருக்கற ரெண்டு இடைவெளியிலயும் ஒரு ரெசிட்டடிவ், அதுக்கப்புறம் ஒரு டூயட், அதாவது ரெண்டு பேர் சேர்ந்து பாடறது. அந்த வரிகளை எழுதினவர் பேரு தெரியாது, ஆனா பைபிள்ல இருக்கற காதல் கவிதையான உன்னதப்பாட்டுலேருந்து நிறைய எடுத்திருக்கார்.

முதல் பகுதியை ப்ளே பண்ணுங்க. பாட்டு உடனே வராது. மூணு மூணா எண்ணற தாளத்துல வயலின் கோஷ்டி ஒரு பக்கம், ஓபோங்கற ஊதுற வாத்தியக் கோஷ்டி ஒரு பக்கம், வெட்டி வெட்டிப் போற ஒரு நடையை மாத்தி மாத்தி வாசிப்பாங்க, தூரத்துல ஊர்வலம் கிளம்பற மாதிரி ஒரு கம்பீரம் இருக்கும். 16 பார், அதாவது 16 தாளச் சுத்து, இப்படிப் போனதுக்கு அப்புறம் இருக்கறதுலயே மேல் குரலான சோப்ரானோ உள்ள வரும், ச... க... ப... ஒவ்வொரு சுரமும் நீட்டி நீட்டி, கூடவே ஒரு ஹார்ன் அதே மெட்டை ஊதி அதுக்கு பலம் குடுக்கும். இங்கதான் நீங்க ஏற்கெனவே மெட்டைக் கேட்டு வெச்சது உதவும், ஏன்னா அதுக்குக் கீழ வரிசையா இறங்கற ஆல்டோ, டெனர், பாஸ் மூணு குரலும் சும்மா நிக்க மாட்டாங்க, நடுராத்திரியில எழுப்பிவிட்ட ஊர் ஜனங்க மாதிரி ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து 'எழுந்திரு, எழுந்திரு'ன்னு ஓடிக்கிட்டே இருப்பாங்க, 'எங்க, எங்க இருக்கீங்க'ன்னு தேடுவாங்க. மேல சோப்ரானோ அசையாம நிதானமா நிக்குது, கீழ இத்தனை பரபரப்பு. மெட்டு தெரியாதவங்களுக்கு இது ஒரு பெரிய கூட்டுச் சத்தமாத்தான் கேக்கும், தெரிஞ்சவங்களுக்கு அந்தக் கூட்டத்துக்கு நடுவுல காவலாளியோட குரல் தனியா தெரியும்.

கொஞ்ச நேரம் கழிச்சு 'அல்லேலூயா'ங்கற வார்த்தை வரும். அதுக்கு மட்டும் பாக் வழக்கத்தை மாத்தறார், இதுவரைக்கும் சோப்ரானோ வந்ததுக்கு அப்புறம்தான் மத்தவங்க ஓடினாங்க, இப்ப ஆல்டோ முதல்ல கிளம்புது, ஒரே வார்த்தையை நீளமா உருட்டிக்கிட்டே போகுது, அதையே மத்தவங்க ஒவ்வொருத்தரா புடிச்சுக்கறாங்க, அப்படியே சந்தோஷம் பொங்கிப் பொங்கி மேல வந்ததுக்கு அப்புறம்தான் சோப்ரானோ வந்து அதோட அல்லேலூயாவைப் போடும். முழு கான்டாட்டாவுல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இது. ஹெட்போன் போட்டு ஆல்டோ எங்க ஆரம்பிக்குதுன்னு பாருங்க.

ரெண்டாவது பகுதி சின்னது, டெனர் வந்து 'அவர் வர்றார், மணவாளன் வர்றார், மலை மேல மான் குட்டி துள்ளி வர்ற மாதிரி வர்றார்'னு அறிவிச்சுட்டுப் போவார். மூணாவதுதான் முதல் டூயட். சோப்ரானோ மனுஷ ஆத்மா, பாஸ் குரல் இயேசு. அந்தக் காலத்துல சர்ச் இசையில இயேசு பேசற வரிகளை பாஸ் குரலுக்குக் குடுக்கறதுதான் வழக்கம். சோப்ரானோ பாடினது லைப்ஸிக்ல பொம்பளைங்க இல்ல, பள்ளிக்கூடத்துப் பையன்தான் பாடியிருப்பான், சர்ச்ல பெண்கள் பாடற பழக்கம் அங்க அப்ப கிடையாது. 'எப்ப வருவீங்க, என் ரட்சிப்பே?'ன்னு ஆத்மா கேக்குது, 'வர்றேன், உன் பங்கு நான்'னு பதில் வருது, ஆனா ஆத்மா அதைக் கேட்ட மாதிரியே இல்ல, எண்ணெய் எரிய எரிய காத்திருக்கேன்னு மறுபடி மறுபடி கேட்டுக்கிட்டே இருக்கு. கூடவே வயலினோ பிக்கோலோன்னு ஒரு சின்ன வயலின், சாதாரண வயலினைவிட சுருதி தூக்கி வெச்சது, மேல மேல போயி சுடர் ஆடற மாதிரி வாசிச்சுக்கிட்டே இருக்கும். இதுல கோரல் மெட்டு எங்கயும் கிடையாது. ஊர் மொத்தமும் பாடற பாட்டுக்கு நடுவுல ஒரே ஒரு ஆளோட ஏக்கத்துக்கு இங்க இடம் கிடைக்குது. பாக் வேலைக்கு சேர்றப்ப ஊர் நிர்வாகம் அவர்கிட்ட எழுதி வாங்கின உறுதிமொழியில சர்ச் இசை ரொம்ப நீளமா இருக்கக்கூடாது, ஆபரா மாதிரியும் இருக்கக்கூடாதுன்னு ஒரு ஷரத்து உண்டு. இந்த டூயட்டைக் கேட்டா, அதுலயும் பின்னாடி ஆறாவதா வர்ற டூயட்டைக் கேட்டா, ரெண்டு காதலர்கள் மேடையில நின்னு பாடறதுக்கும் இதுக்கும் இசையில பெரிய வித்தியாசம் தெரியாது, பாக் அந்த ஷரத்தை இப்படித்தான் புரிஞ்சுக்கிட்டிருக்கார் போல.

நாலாவது பகுதி உங்களுக்கு ஏற்கெனவே தெரிஞ்சிருக்கலாம், கல்யாணத்துல, சர்ச் ஆர்கன்ல, எங்கயாவது காதுல விழுந்திருக்கும். இது எப்படி ஓடுதுன்னு மட்டும் நிதானமா பார்க்கணும், ஏன்னா இதுல மொத்தமே மூணு கோடுதான். எல்லா வயலினும் வயோலாவும் ஒண்ணா சேர்ந்து ஒரே ஒரு மெட்டை வாசிக்கறாங்க, கீழ பாஸ் வாத்தியங்கள் நிதானமா நடக்குது. அந்த வயலின் மெட்டு ஒரு நாட்டியத்துக்கு வாசிக்கற மாதிரி இதமா, தன்னளவுல முழுசா இருக்கும், இதுக்கு மேல எதுவும் வேண்டாம்னு தோணும். 12 பார் அப்படியே போனதுக்கு அப்புறம் டெனர் வருது, கோரலோட ரெண்டாவது சரணம், 'சீயோன் காவலாளிங்க பாடறதைக் கேக்குறா', நீட்டி நீட்டி. ரெண்டு மெட்டுக்கும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். வயலின் ஒரு வரியை முடிக்கறப்ப டெனர் தன் வரியோட நடுவுல இருக்கும், டெனர் மூச்சு விடறப்ப வயலின் பாட்டுக்குப் போயிட்டே இருக்கும், அங்கங்க ரெண்டும் லேசா உரசும், ஆனா ரெண்டுக்கும் அடியில ஒரே பாஸ் ஓடுது, அதனால எதுவும் உடையாது. முதல் தடவை வயலினை மட்டும் பின்தொடர்ந்து கேளுங்க. அடுத்த தடவை டெனரை மட்டும். மூணாவது தடவை பாஸை மட்டும் கேட்டுப் பாருங்க, மேல என்ன நடக்குதுன்னு கண்டுக்காம, அப்பதான் ரெண்டு மெட்டையும் யாரு தாங்கிட்டு நிக்கறாங்கன்னு தெரியும். கான்டாட்டாக்கள் அவர் உயிரோட இருந்தப்ப பெரும்பாலும் அச்சாகவே இல்ல, ஆனா இந்தப் பகுதியை பாக்கே ஆர்கனுக்கு மாத்தி, ஷூப்ளர்ங்கறவர் செதுக்கி அச்சடிச்ச ஆறு கோரல் தொகுப்புல முதலாவதா வெச்சார், அது 1740களோட கடைசியில வந்தது. அதுல ஆர்கன் வாசிக்கறவரோட வலது கை வயலின் மெட்டு, இடது கை கோரல், கால் பாஸ். ஒரே ஆள் மூணு கோட்டையும் வாசிக்கறதைப் பார்க்கணும்னா அந்த வீடியோவும் தேடுங்க.

அஞ்சாவதுல இயேசுவோட குரல் 'உள்ள வா'ன்னு மணப்பெண்ணைக் கூப்பிடுது, பின்னாடி வயலின்கள் நீட்டிப் பிடிச்ச சுரங்களால அந்தக் குரலைச் சுத்தி ஒரு ஒளிவட்டம் போடும், இதே வேலையை பாக் இயேசுவோட பாடுகளைச் சொல்ற தன்னோட பெரிய படைப்பான 'மத்தேயு பாடுகள்'லயும் பண்ணியிருக்கார். ஆறாவது டூயட், ஓபோவோட, 'என் நேசர் என்னுடையவர், நான் அவருடையவள்'. மூணாவது பகுதியில ஒருத்தர் கேக்க ஒருத்தர் பதில் சொல்ல தனித்தனியா நின்ன அதே ரெண்டு குரலும் இங்க பக்கத்துல பக்கத்துல சேர்ந்து நடக்குது, கிட்டத்தட்ட ஒரே மெட்டை ரெண்டு உயரத்துல பாடுது. ரெண்டு டூயட்டையும் அடுத்தடுத்து போட்டுக் கேட்டா காத்திருந்தவங்க சேர்ந்தாச்சுங்கறதை ஜெர்மன் ஒரு வார்த்தை தெரியாமலே புரிஞ்சுக்கலாம்.

அப்புறம் ஏழாவது, மூணாவது சரணம். முதல் பகுதியில அத்தனை வேலைப்பாடு பண்ணின ஆள் இங்க எல்லாத்தையும் எடுத்துட்டார். நாலு குரலும் ஒண்ணா, ஒரே வார்த்தையை ஒரே நேரத்துல, சபைப் பாட்டு எப்படி இருக்குமோ அப்படி. வாத்தியங்களுக்கும் தனி வேலை கிடையாது, குரலோடயே போறாங்க, வயலினோ பிக்கோலோ மட்டும் சோப்ரானோ மெட்டை ஒரு ஸ்தாயி மேல வாசிக்குது, உச்சியில மெல்லிசா ஒரு பளபளப்பு தெரியும். குயர்ல நாலு பார்ட் பாடிப் பழகினவங்க இந்தக் கடைசிப் பக்கத்தோட நொட்டேஷனை எடுத்து நீங்களே பாடலாம், கஷ்டமே இல்ல.

பாக் கைப்பட எழுதின முழு ஸ்கோர், அதாவது எல்லாக் குரலும் வாத்தியமும் ஒண்ணா இருக்கற இசைப்பிரதி, இன்னைக்கு இல்ல, தொலைஞ்சு போச்சு. அவர் இறந்ததுக்கு அப்புறம் மனைவி அன்னா மக்தலேனா கோரல் கான்டாட்டாக்களோட தனித்தனி பிரதிகளை தாமஸ் பள்ளிக்கூடத்துக்குக் குடுத்தாங்க, பாடறவங்களும் வாசிக்கறவங்களும் கையில வெச்சிருந்த அந்தத் தாள்கள் லைப்ஸிக்ல பத்திரமா இருந்ததாலதான் நமக்கு 140 முழுசா கிடைச்சிருக்கு.

இது பிடிச்சுப்போனா அடுத்தது எதைக் கேக்கறதுன்னு கேப்பீங்க. நிக்கோலாயோட அதே புத்தகத்துல வந்த இன்னொரு பாட்டு இருக்கு, 'விடிவெள்ளி எவ்வளவு அழகா ஒளி வீசுது'ன்னு ஆரம்பிக்கும். அதை வெச்சு பாக் 1725 மார்ச் 25 ஆராதனைக்காக எழுதினது கான்டாட்டா 1, நம்பரைப் பார்த்து அதுதான் முதல்ல எழுதினதுன்னு நினைச்சுக்காதீங்க, பத்தொன்பதாம் நூற்றாண்டுல பாக் படைப்புகளை மொத்தமா பதிப்பிச்சவங்க அதை முதல்ல போட்டதால வந்த நம்பர் அது. ரெண்டு ஹார்ன், ரெண்டு வயலின் சோலோ, முதல் பகுதியிலயே சோப்ரானோ கோரலை நீட்டிப் பாட மத்தவங்க சுத்தி ஓடறது எல்லாம் அதுலயும் உண்டு. அதுக்கப்புறம் நேர் எதிரா ஒண்ணு வேணும்னா நாலாம் நம்பரைப் போடுங்க, லூத்தர் எழுதின ஈஸ்டர் பாட்டு, பாக் இருபது சொச்ச வயசுல இருந்தப்ப பண்ணினது, ஏழு சரணமும் வார்த்தை மாறாம ஏழு விதமா வரும், நடுவுல கவிஞர் எழுதின வரி ஒண்ணுகூட இல்ல. அதுக்கும் முதல்ல பாட்டை மட்டும் தனியா கேட்டுட்டுப் போங்க.